நகக்கண்ணில் ஏறிய முள்

கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைப்பது பற்றி நிறையக் கடிதங்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: கத்தி வைக்காமல் தீருமா? பல பேருக்குத் தீரும். சிலர் வீட்டில் கையே வைக்கக் கூடாது. யார் எந்தப் பக்கம் என்பதைக் கடிதங்களை வைத்தே பார்ப்போம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு வலது கால் கட்டைவிரல் நக ஓரம் சிவந்து வீங்கி, இரண்டு முறை சீழ் வைத்துவிட்டது. இரண்டு தடவையும் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டான், அடங்கியது. நிறுத்திய பத்தாம் நாள் மறுபடி விண் விண் என்று தெறிக்கிறது என்கிறான். நகத்தைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். பரீட்சை நேரம். வேறு வழி இல்லையா?
– ஒரு தாய், ஈரோடு

வழி இருக்கிறது, அம்மா. அதற்கு முன் மாத்திரை ஏன் தோற்றது என்று பார்த்துவிடுவோம். காலில் கருவேல முள் ஏறினால், முள்ளை உள்ளே விட்டுவிட்டு மாத்திரை போட்டால் என்ன ஆகும்? சீழ் அடங்கும், முள் அங்கேயே இருக்கும், மறுபடி சீழ் வைக்கும். இங்கே அந்த முள், அவனுடைய நகமேதான்.

அது எப்படி முள்ளாகிறது? நக ஓரம் உறுத்தும்போது பிள்ளைகள் நெயில் கட்டரை மூலைக்குள் செருகி வளைத்து வெட்டுவார்கள். இரண்டு நாள் சுகமாக இருக்கும். ஆனால் கட்டர் எட்டாத ஆழத்தில், ஓரமாக, மீன் முள் போல ஒரு கூர் மிச்சமாகிவிடும். நகம் முன்னோக்கி வளர வளர அந்தக் கூர் நகக்கண்ணின் சதையைக் குத்திக் கிழிக்கும். வியர்வையும் ஷூவின் அழுத்தமும் சேர்ந்துகொண்டால், தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமி உள்ளே போகும். குத்தலை நிறுத்தினால் சீழ் பெரும்பாலும் தானாகவே வற்றும்.

செய்ய வேண்டியது மூன்று: ஊறவைப்பது, சதையை ஒதுக்குவது, நக மூலைக்கு அடியில் பஞ்சுத் திரி வைப்பது.

ஒரு பேசினில் கணுக்கால் வரை வெதுவெதுப்பான நீர். முழங்கையால் தொட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பதினைந்து நிமிடம் கால் ஊறட்டும். காலையும் இரவும் கட்டாயம். பள்ளி விட்டு வந்ததும் இன்னொரு முறை முடிந்தால் நல்லது. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்புப் போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. நகத்தையும் சதையையும் இளக்குவது நீரும் சூடும்தான். டெட்டால், சாவ்லான் எதுவும் வேண்டாம். புண்ணில் பட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

பிறகு சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்து, ஒரு காது பட்ஸை நக ஓரத்துக்கு இணையாகப் படுக்கவைத்து, வீங்கிய சதையை நகத்திலிருந்து வெளிப்புறமாகவும் கீழாகவும் மெல்லத் தள்ளவும். அழுத்தி அழுத்தி விட வேண்டும், ஒரு நிமிடம் போதும்.

அடுத்து திரி. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு உருளையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரி திரிப்பது போல விரல்களுக்கிடையில் உருட்டவும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் போதும். முதல் நாள் நூல்போல மெல்லியதாக இருக்கட்டும், மூன்று நான்கு நாளில் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் வரை போகலாம். ஊறிய நகத்தின் முன் மூலையை ஒரு கையால் லேசாகத் தூக்கி, மறு கையால் திரியை நகத்துக்கும் அதன் அடிச்சதைக்கும் நடுவில் நுழைக்கவும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: பஞ்சை நகத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அடைத்துவிடுவார்கள். அங்கே அடைத்தால் நகம் உயராது, சீழ் வெளிவரும் வழியும் அடைபடும். திரி இருக்க வேண்டிய இடம் நகத்துக்கு அடியில். நுழைக்க ஊசி, ஊக்கு, கத்தரி முனை எதுவும் கூடாது. பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனை போதும். பஞ்சு நிற்காமல் நழுவினால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை மூலைக்கு அடியில் கொடுத்து, மிச்சத்தைக் கத்தரித்துவிடலாம்.

திரியைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் நாற்றமடிக்கும், அதுவே புண்ணை வளர்க்கும். குளித்தபின் பழையதை எடுத்துவிட்டு, கால் காய்ந்ததும் புதியதை வைக்கவும். முதல் இரண்டு நாள் வைக்கும்போது வலிக்கும். முறையாகச் செய்தால் மூன்றாம் நான்காம் நாளில் தெறிப்பு குறைய வேண்டும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். வலி நின்றதும் திரியை நிறுத்திவிடுகிறார்கள். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கை விரல் நகத்தின் வேகத்தில் பாதி. மூலை இன்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வளர்ந்தால்தான் சதையைத் தாண்டி வெளியே வரும் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை திரி தொடர வேண்டும், மூலையில் கட்டர் படக் கூடாது.

பரீட்சை முடியும் வரை செருப்பு அணிய அனுமதி கேட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சிகிச்சையில் பாதி அந்தக் கடிதம்தான்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்? சிவப்பு விரலின் மூட்டு மடிப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறினால், காய்ச்சல் வந்தால், அரையில் நெறி கட்டினால், அல்லது நக ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொண்டு தொட முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கோத்த சீழைக் கீறி வெளியேற்றத்தான் வேண்டும். ஆண்டிபயாட்டிக் உண்மையில் தேவைப்படுவது சிவப்பு பரவும்போதுதான். இதில் எதுவும் இல்லாமலும் ஐந்து நாளில் துளிகூடக் குறையவில்லை என்றால், உள்ளே கூர் ஆழமாக இருக்கிறது என்று பொருள். மரத்துப்போக ஊசி போட்டு அந்தக் கூரை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அது நகத்தைப் பிடுங்குவதல்ல. பத்து நிமிட வேலை.

தனியார் நிறுவனத்தில் காவலாளி. பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸ். கழற்ற முடியாது. பஞ்சு வைத்தேன், ஒரு மணி நேரத்தில் உருண்டு வெளியே வந்துவிடுகிறது. சீழ் இல்லை, ஆனால் நடந்தால் உயிர் போகிறது.
– ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

சீழும் கசிவும் இல்லாத உங்களுக்குப் பஞ்சைவிடப் பிளாஸ்டர் முறை பொருந்தும். நகத்தைத் தூக்குவதற்குப் பதிலாக, சதையை நகத்திலிருந்து இழுத்துப் பிடித்துவைக்கும் முறை இது.

இழுபடும் துணிப் பிளாஸ்டர் வேண்டும். காகித டேப் பூட்ஸுக்குள் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அரை அங்குல அகலம், எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். விரலைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்து (தோல் கிழிந்த இடத்தில் வேண்டாம்) ஒரு நிமிடம் காயவிடுங்கள். பிளாஸ்டரின் ஒரு முனையை வலிக்கிற பக்கத்துச் சதைமேல், நக ஓரத்தை ஒட்டி ஒட்டவும். நகத்தின்மேல் படக் கூடாது. கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டையைக் கீழ்நோக்கி இழுங்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். அந்த இழுப்பு தளராமல் பட்டையை விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டுபோய், மறுபக்கம் ஏற்றி, நகத்துக்குப் பின்னால் விரலின் மேற்புறத்தில் ஒட்டி முடிக்கவும். வழுக்கினால் அந்த முனையின் மேல் இன்னொரு சிறு துண்டைக் குறுக்காக ஒட்டலாம்.

வளையம்போல முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. விரல் வீங்கினால் அது சுருக்குக் கயிறாகிவிடும். ஒட்டிய பிறகு விரல் நுனியை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே உரித்துவிடுங்கள். தினமும் மாற்ற வேண்டும், வியர்வையில் தளர்ந்தால் இடையிலும். இதற்கும் அதே இரண்டு மூன்று மாதக் கணக்குத்தான்.

பூட்ஸைப் பற்றி ஒன்று. எல்லோரும் இறுக்கமான பூட்ஸைக் குற்றம் சொல்வார்கள். தொளதொளத்த பூட்ஸும் அதே கெடுதலைச் செய்யும்: ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, நகம் போய் முகப்பில் முட்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், கயிறு கணுக்காலில் இறுகி நிற்க வேண்டும். நைலான் சாக்ஸை விட்டுவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள். இரண்டு ஜோடி கொண்டுபோய் உணவு இடைவேளையில் மாற்றுங்கள்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகச் சொல்கிறார் என் மாமியார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எது நல்லது?
– இல்லத்தரசி, திருமங்கலம்

மாமியார் சொன்னதில் பெரிய ஆபத்தில்லை, பெரிய பயனும் இல்லை. கை விரலில் இப்போதுதான் சிவந்து விறைக்கத் தொடங்கிய நகச்சுற்றுக்கு எலுமிச்சையின் குளிர்ச்சி கொஞ்சம் இதம் தரும். தோல் கிழிந்திருந்தால் புளிப்பு பட்டு எரியும். இரவு முழுக்க ஈரத்திலேயே மூடியிருந்தால் தோல் வெளுத்து ஊறி, கிருமிக்கு இன்னும் வசதி. கோத்த சீழ் எலுமிச்சைக்கு இறங்காது. கால் விரலில் இறங்கிய நகத்துக்கு இது சுத்தமாகப் பொருந்தாது; குத்துகிற நகம் குத்திக்கொண்டேதான் இருக்கும்.

அக்கா சொன்னது வேண்டாம். சுண்ணாம்பு கடும் காரம், ஈரத் தோலில் கட்டிவைத்தால் வெந்துவிடும். சாதாரண நகப் புண்ணாக இருந்தது, கட்டை அவிழ்க்கும்போது தோல் உரிந்த வெந்த புண்ணாக இருக்கும். சர்க்கரை உள்ளவர் என்றால் அது விரலையே கேட்கும்.

மாமியாரிடம் வெந்நீர் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

நக ஓரத்தில் செக்கச்செவேல் என்று ஒரு சதை வளர்ந்து நகத்தின் மேலேயே ஏறி நிற்கிறது. சாக்ஸ் பட்டாலே ரத்தம். மருந்துக்கடையில் மூன்று விதமான டியூப் வாங்கிப் போட்டுவிட்டேன். இது ஏதாவது கட்டியா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

பெரும்பாலும் இல்லை. ஆற முயன்று ஆற முடியாமல் போன புண்ணின் சதை இது. உடம்பு புண்ணை மூடப் புதுச்சதை அனுப்புகிறது. நகம் குத்திக்கொண்டே இருப்பதால் அது முடிவில்லாமல் வளர்கிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைந்த சதை என்பதால் தொட்டாலே கசியும். பிளாஸ்டர் இதில் ஒட்டாது, பஞ்சுத் திரியும் நுழையாது. வீட்டுக் கட்டம் தாண்டிவிட்டது என்பதற்கு இந்தச் சதைதான் அடையாளம்.

அதற்காக நேரே நகத்தைப் பிடுங்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. சலைன் ஏற்றும் குழாய் இருக்கிறதே, கிருமி நீக்கிய அந்தக் குழாயில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் கீறுவார். விரலை மரக்கச் செய்து, கீறிய குழாயை நக ஓரத்தில் பின்னோக்கிச் செருகினால், புத்தக முதுகுக்கு அட்டை போட்டது போல நக விளிம்பை அது கவ்விக்கொள்ளும். கூரான விளிம்புக்கும் சதைக்கும் நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக் வந்துவிடுகிறது. தையலோ பிளாஸ்டரோ போட்டு நிறுத்திவிடுவார். வலி ஓரிரு நாளிலேயே குறையும், குத்தல் நின்றால் சதையும் சுருங்கும். சுருங்க மறுக்கும் சதையைச் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுப் பொசுக்குவதும் உண்டு. குழாய் சில வாரங்கள், சிலருக்கு நகம் வெளியே வரும் வரையில்கூட இருக்கலாம்.

டியூப்களைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறோம். மருந்துக்கடைகளில் "எல்லாவற்றுக்கும்" என்று எடுத்துக் கொடுக்கும் கலவை கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக் மூன்றும் சேர்ந்திருக்கும். சதை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கிரீமைச் சில நாட்கள் தடவ மருத்துவரே எழுதுவதுண்டு, அது வேலையும் செய்யும். ஆனால் அளவு தெரியாமல் மாதக்கணக்கில் கலவை கிரீம் தடவினால் தோல் மெலியும், பூஞ்சை உருத்தெரியாமல் மறைந்து பரவும். அந்த மூன்று டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நகம் குத்தும் இடம் எதுவும் தெரியாமல் இப்படிச் சதை வந்தாலும், சரியான சிகிச்சை கொடுத்தும் ஆறு வாரத்தில் ஆறாவிட்டாலும், நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அடித்தோலுக்குப் படர்ந்தாலும், ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நகத்தடித் தோல் புற்று அபூர்வம்தான். ஆனால் அது வரும்போது நகப் புண் வேடத்தில்தான் வரும். கூடவே ஒரு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், நகத்துக்கு அடியில் எலும்பு முளைத்து முட்டுகிறதா, நாட்பட்ட சீழ் எலும்பை அரித்திருக்கிறதா என்று பார்க்க.

வயது 58. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. பெருவிரல் நக ஓரம் கறுத்து, சாக்ஸில் கறை. ஆனால் வலி துளிகூட இல்லை, அதனால் சும்மா விட்டுவிட்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

கூடாது, ஐயா. வலி இல்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் பயமுறுத்துவது அந்த வரிதான். நக ஓரம் கறுத்துச் சீழ் கசியும் விரல் வலிக்காமல் இருப்பது உணர்ச்சி நரம்பு செத்துவிட்டதால். அந்தக் காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வாங்கி வருவது அன்றாடம் நடப்பதுதான். பஞ்சு, பிளாஸ்டர், நெயில் கட்டர் எதுவும் நீங்களாகச் செய்ய வேண்டாம். மேலே சொன்ன எதுவும் உங்களுக்கானதல்ல.

இன்றோ நாளையோ பாத சிகிச்சை செய்யும் மருத்துவரையோ பொது அறுவை மருத்துவரையோ பாருங்கள். அங்கே என்னென்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது, விட்டுப்போனால் நீங்களே கேட்கலாம். பாதத்தில் பத்து கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையை வைத்து உணர்ச்சி பார்ப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தட்டுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள், தட்டாவிட்டால் ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் கருவி. கறுப்பு என்று எழுதியிருப்பதால் இந்த ரத்த ஓட்டப் பரிசோதனை மிக முக்கியம். பிறகு எலும்புக்காக எக்ஸ்ரே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. "சர்க்கரை குறைந்ததும் வாருங்கள்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீழ் இருந்தால் அதை முதலில் வெளியேற்ற வேண்டும். சர்க்கரையை இன்சுலின் போட்டுக் கூடவே இறக்கலாம்.

புண் ஆறியபின் எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள். உணர்ச்சியற்ற தொழுநோய்க் கால்களுக்காக வேலூரில் வளர்ந்த அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு, சர்க்கரைக் காலுக்கும் அதே காரணத்தால் பொருந்துகிறது.

உங்களுக்குச் சொன்ன எச்சரிக்கை பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் உண்டு, அவர்களுக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலோ பாதமோ இழுத்துப் பிடிக்கிறது, விரல் சில்லென்று இருக்கிறது, தொங்கவிட்டால் சிவந்து தூக்கினால் வெளுக்கிறது என்றால், ரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. அந்த விரலில் நகத்தைப் பிடுங்கினால் புண் ஆறாது, விரல் அழுகிப் போகும். நாடி தொட்டுப் பார்க்காமல் யாரும் அந்த நகத்தில் கத்தி வைக்கக் கூடாது.

நடவு வேலை. கால் விரல் நான்கிலும் நகத்தைச் சுற்றித் தடித்து, நகம் மேடு பள்ளமாக வருகிறது. பெரிய வலி இல்லை, அவ்வப்போது தெறிக்கும். ஒரு நகம் பச்சையாகிவிட்டது. சேற்றுப்புண் மருந்து போட்டும் கேட்கவில்லை.
– விவசாயத் தொழிலாளி, மன்னார்குடி

சேற்றுப்புண் விரல் இடுக்கில் வருவது. உங்களுடையது வேறு, மேலே சொன்ன நகம் குத்தும் கதையும் இல்லை. நகம் தொடங்கும் பின் ஓரத்தில், தோலும் நகமும் சேரும் இடத்தில் மெல்லிய தோல் ஒன்று மூடி போட்டதுபோல ஒட்டியிருக்கும். நாள் முழுக்கச் சேற்றில் ஊறி அந்த மூடி திறந்துகொண்டது. திறந்த இடுக்கில் சேறும் உரநீரும் இறங்கித் தோல் தடித்துவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலே இதை நாட்பட்ட நகச்சுற்று என்போம். இதில் பூஞ்சை பின்னால் வந்து குடியேறுவதுதான். மூல காரணம் ஈரம். அதனால்தான் பூஞ்சை மருந்து மட்டும் போட்டால் கேட்பதில்லை.

வேலை முடிந்ததும் காலைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக் காயவிடுங்கள். துண்டால் ஒரு துடைப்பு போதாது, விசிறிக்கு முன் கால் மணி நேரம் நீட்டி வையுங்கள். வயலுக்குள் இறங்குமுன் நகத்தைச் சுற்றி வாசலின் தடவுங்கள். தண்ணீர் உட்புகாத முழங்கால் பூட்ஸ் போட முடிந்தால் நல்லது, ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்த பூட்ஸ் வெறுங்காலைவிட மோசம். தடித்த தோலுக்குத் தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதுவார். அதைத் தடவிக்கொண்டு ஈரத்திலேயே நின்றால் காசுதான் வீண். மூடித் தோல் மறுபடி ஒட்ட மூன்று மாதம் வரை ஆகும். அதை வெட்டவோ பின்னுக்குத் தள்ளவோ வேண்டாம்.

பச்சை நிறம் பூஞ்சை இல்லை, ஈரத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சாயம். தூக்கிக்கொண்டிருக்கும் நகத்தை வெட்டிவிட்டு, சமையல் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, தினம் இரண்டு வேளை பத்து நிமிடம் விரலை முக்கி எடுத்து நன்றாகக் காயவையுங்கள். கிருமி போனாலும் சாயம் போகாது, நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும்.

கசிவு அதிகமான நாட்களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொல்வார்கள். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். உதிரிப் படிகமாக வாங்கினால் தண்ணீர் வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு இரண்டு மூன்று துணுக்கு. கத்தரிப்பூ நிறம் வந்தால் அதைக் கொட்டிவிடுங்கள், தோல் வெந்துவிடும். நகம் பழுப்பேறினால் பயப்பட வேண்டாம், அது கறைதான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இரண்டு முறை முழு நகத்தையும் எடுத்தாகிவிட்டது. இரண்டு முறையும் அதே இடத்தில் வளர்ந்து குத்துகிறது. இப்போது முன்பக்கமும் முட்டுகிறது. இன்னொருவர் ஓரத்தை மட்டும் எடுத்து ஃபீனால் வைக்கலாம் என்கிறார்.
– லாரி ஓட்டுநர், சங்ககிரி

இன்னொருவர் சொல்வது சரி. நகம் முளைப்பது பின்னால், தோலுக்கு அடியில் இருக்கும் நகவேரிலிருந்து. வேர் அப்படியே இருக்க மேலே இருப்பதைப் பிடுங்கினால் புல்லைக் கிள்ளியது போலத்தான்: அதே அகலத்தில் அதே இடத்தில் வரும். பிடுங்குவதை மட்டும் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்புகிறது. முழு நகம் திரும்பி வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. அந்த இடைவெளியில், மேலே அழுத்திப் பிடிக்க நகம் இல்லாததால் விரல் நுனிச் சதை எழும்பி மேடாகும், வருகிற நகம் அந்த மேட்டில் போய் இடிக்கும். முன்பக்கம் முட்டுகிறது என்று நீங்கள் எழுதியது இதைத்தான். நுனிச் சதையைத் தினமும் கீழ்நோக்கி அழுத்தித் தேய்த்து, பிளாஸ்டரால் கீழே இழுத்து ஒட்டிவந்தால் மேடு படியும்.

ஃபீனால் முறையில் குத்துகிற பக்கம் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் நகத்தை வேர்வரை வெட்டி எடுத்து, அந்த வேரில் 80 முதல் 88 சதவீத ஃபீனாலைப் பஞ்சுக் குச்சியால் வைத்து அழித்துவிடுவார்கள். அந்தக் கீற்று இனி முளைக்காது, நகம் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும், அவ்வளவே. இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும். அதைச் சீழ் என்று நினைத்து மாத்திரை கேட்டு ஓட வேண்டாம். வலியும் சிவப்பும் கூடினால்தான் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் இது செய்வதில்லை. கிளட்ச் மிதிக்கும் இடது கால் என்றால் ஒரு வாரம் வண்டியை விட்டுவிடுங்கள்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்றாம் மாதம் இரண்டு பெருவிரலிலும் நகம் குத்திச் சதை வளர்கிறது. சம்பந்தம் உண்டா?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

உண்டு. அந்த மருந்து தோலை உலர்த்தி மெலிய வைக்கும், நக ஓரத்தில் சதை வளரவும் தூண்டும். எழுதிக் கொடுத்தவரிடம் காலைக் காட்டுங்கள். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரை உடம்பில் இருக்கும்போது நகத்தில் அறுவை செய்துகொள்ள அவசரப்பட வேண்டாம்.

நான்கு மாதக் குழந்தைக்குப் பெருவிரல் நகம் சதைக்குள் இருக்கிறது. வெட்டிவிடலாமா?
– மட்டக்களப்பு வாசகி

வெட்ட வேண்டாம். அந்த வயதில் நகம் காகிதம்போல மெல்லியது, சதைதான் புஷ்டி. குளிப்பாட்டியபின் எண்ணெய் தொட்ட விரலால் நக ஓரச் சதையை வெளிப்பக்கமாக நீவிவிடுங்கள், தினம் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நீவல். பாதத்தையும் சேர்த்து மூடும் இறுக்கமான உடுப்பை மாற்றிவிடுங்கள். வளர வளர நகம் தடித்து மேலேறிவிடும். சிவந்து சீழ் தெரிந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம்.

நகத்தின் நடுவில் 'வி' வடிவில் வெட்டினால் ஓரங்கள் உள்ளே ஒடுங்கி வந்துவிடும் என்கிறார்களே?
– பலர்

வராது. உங்கள் கையில் கட்டரில் அகப்படும் நகம் முழுக்க உயிரற்றது. அதில் எந்த எழுத்தை வெட்டினாலும் வேருக்குச் செய்தி போகாது. குறுக்காக நேரே வெட்டி, வெள்ளை விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கட்டும். மூலையின் கூர் சாக்ஸில் மாட்டினால் அரத்தால் இரண்டு தேய்ப்பு.